துண்டு பிடித்த கூலி

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். நான். சாராயக் கேஸில் வந்த அக்கா, முப்பது வயது இருக்கும். அவளுடைய இரண்டு வயதுப் பெண் குழந்தை. ஏரியூர்ப் பக்கம் வரப்புச் சண்டையில் மண்வெட்டியால் வெட்டியதாக வந்த, அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள் இரண்டு பேர். பெரியவளுக்கு இருபத்தெட்டு, சின்னவளுக்கு இருபத்து நாலு. கம்பிக்கு வெளியே நாற்காலியில் வார்டர் அம்மா. பிறகு, மதியச் சோறு வருவதற்குச் சற்று முன்னால் உள்ளே விடப்பட்ட பெண், பத்தொன்பது வயது. குழந்தையையும் சேர்த்தால் ஏழு பேர். நான் செய்ததை யார் யார் பார்த்தார்கள் என்று இன்றைக்கும் படுத்துக்கொண்டே விரல் விட்டு எண்ணுகிறேன். குழந்தைக்கு நினைவிருக்காது என்று கழித்து, என்னையும் சேர்த்துப் பார்க்கிறேன். ஆறு.

எங்கள் மாவட்டத்தில் ஒரு கிளைச் சிறை, அதன் பெண்கள் பகுதி. ஊர் பெயர் வேண்டாம். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. எட்டாவதோடு படிப்பை விட்டவள். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கல் கடையில் ஆறு வருடம் எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தேன். டாக்டர் சீட்டு இல்லாமல் கர்ப்பம் கலைக்கும் மாத்திரையை ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது நான். கொடு என்றது கடைக்காரர். அந்தப் பெண் ரத்தப்போக்கு நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள், பிழைத்துவிட்டாள். எங்கள் இரண்டு பேரையும் ரிமாண்ட் செய்தார்கள். கடைக்காரருக்குப் பத்து நாளில் ஜாமீன் வந்தது. எனக்கு ஐம்பத்து மூன்று நாள்.

சிறுவயதிலிருந்தே நான் பயந்த சுபாவம். தாழ்ப்பாள் போட்டதை மூன்று தடவை பார்ப்பேன். மெடிக்கல் கடைக்குப் போனபிறகு அது கைக்கு வந்துவிட்டது. இருமிக்கொண்டே ரூபாய் நோட்டை நீட்டுவார்கள், சிரங்கு வந்த கையால் சில்லறை பொறுக்குவார்கள். ஒவ்வொருவர் போனதும் கை கழுவுவேன். கழுவிக் கழுவி விரல் இடுக்கில் தோல் வெடித்து எரியும், எரிந்தால்தான் சுத்தம் என்று இருக்கும். இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் அந்த அறையில் விட்டார்கள்.

அறையைப் பற்றிச் சொல்லாமல் தள்ள முடியாது. சொல்லும்போது இப்போதும் குமட்டுகிறது. மூலையில் கக்கூஸ். இடுப்பளவு சுவர், கதவு கிடையாது. அதற்கு இரண்டு முழம் தள்ளி நான் படுக்கும் இடம். ஈரம் எந்நேரமும் தரையில் ஊர்ந்து வரும். யாருடைய முடியோ உருண்டையாகச் சுருண்டு தண்ணீர் போகும் ஓட்டையில் கிடக்கும். மாதவிலக்குத் துணியைப் போட ஒரு வாளி, அதை எடுத்துப்போக இரண்டு நாளைக்கு ஒருமுறை ஆள் வரும், வந்தால் உண்டு. சோற்றுக்கும் அதற்கும் நடுவே ஆறடி. ஈ இரண்டுக்கும் போய் வந்துகொண்டிருக்கும். ஈயின் காலையே பார்த்துக்கொண்டிருப்பேன், எதிலிருந்து எதற்குப் போகிறது என்று.

"ஏங்க்கா, இந்த மாத்திரக்காரி கையக் கழுவிக் கழுவி ரேகையே போயிடுச்சு பாருங்க" என்பாள் சின்ன ஓரகத்தி. "இனிமே போலீசு கைநாட்டு வாங்குனா வெறும் மையிதான் வுழும்."

"அது போனா கேசும் போயிடுமாடி? அப்ப நானும் கழுவறேன்" என்பாள் பெரியவள்.

ஊரில் ஒருவரோடு ஒருவர் சண்டைபோட்டுக்கொண்டிருந்த ஓரகத்திகள்தானாம் இவர்கள். ஒரே மண்வெட்டிக் கேஸில் மாட்டியதும் ஒட்டிக்கொண்டார்கள். ஒருத்தி அழுதால் இன்னொருத்தி திட்டி எழுப்புவாள். சின்னவள் தன் குழந்தையை வீட்டில் விட்டு வந்தவள். விடியற்காலையில் மாரில் பால் கட்டிக்கொண்டு துடிப்பாள், பெரியவள் சுவர்ப் பக்கம் திருப்பி உட்காரவைத்துப் பீய்ச்சிவிடுவாள். அந்த வாசனையும் எனக்குக் குமட்டும். குமட்டுகிறதே என்று என் மேலேயே அருவருப்பாக இருக்கும். ஆனாலும் குமட்டும்.

அந்த அறைக்கு மூன்று தட்டு. கேட்டால் வரும் வரும் என்பார்கள், வராது. அதனால் ஒரு தட்டில் இரண்டு பேர் தின்பது என்று எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்திலேயே ஆகியிருந்தது. அது தட்டோடு நிற்கவில்லை. யாரோடு தட்டோ அவள்தான் கக்கூஸுக்குத் துண்டு பிடிக்க வேண்டும். நடைபாதையில் ஒரு கேமரா இருந்தது, கம்பிக்கு நேர் எதிரே. "அது ஓடறதே இல்லடி" என்று வார்டர் அம்மா சொல்வார்கள். ஓடவில்லையென்றால் சிவப்பு விளக்கு எதற்கு எரிகிறது? கயிறு கட்டி மறைப்புப் போட விடமாட்டார்கள், கயிறு கண்டால் தூக்குப் போட்டுக்கொள்வோம் என்று பயம். துப்பட்டாவையும் அதற்காகவே வாங்கி வைத்துக்கொள்வார்கள். இருப்பது கைத்துண்டுகள்தான். ஒருத்தி அரைச்சுவருக்கு வெளியே முகத்தைத் திருப்பி நின்று, இரண்டு கையாலும் துண்டை விரித்துப் பிடிக்க வேண்டும். தட்டுக்காரி என்று அதற்குப் பெயர். தட்டுக்காரி இல்லாதவளுக்கு மறைப்பு இல்லை.

அக்கா மட்டும் குழந்தையோடு தின்றாள். அவளுக்குத் துண்டும் வேண்டாம். "வெக்கத்தையெல்லாம் கேட்டுலயே எளுதிக் குடுத்துட்டு வந்துட்டேன், போவும்போது திருப்பிக் குடுப்பாங்க" என்பாள்.

எனக்கும் ஒரு தட்டுக்காரி இருந்தாள். எங்கள் ஊருக்கு நாலு ஊர் தள்ளி, எங்கள் ஆட்கள்தான். அவளோடு தின்றேன். சோற்றின் நடுவில் விரலால் ஒரு கோடு போட்டுக்கொள்வேன், அவள் கை கோட்டைத் தாண்டக்கூடாது. அவளும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். குமட்டல் வந்தது, விழுங்கினேன். இருபத்தேழு நாள் அப்படித்தான். அவளுக்கு ஜாமீன் வந்து போனாள். ஐந்தாறு நாள் எனக்குத் தனித் தட்டு. மறைப்பு போயிற்று, ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகுதான் ஒதுங்கினேன். தனித் தட்டு கிடைத்ததற்காகச் சிறையில் சந்தோஷப்பட்டேன் என்றால் யார் நம்புவார்கள்?

அப்புறம்தான் அந்தப் பெண் வந்தாள். வேலை பார்த்த வீட்டில் ஐந்து பவுன் சங்கிலி காணாமல் போன கேஸ். ஒல்லி. கண் வீங்கியிருந்தது. கதவு பூட்டிய பிறகும் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"வா கண்ணு, உக்காரு" என்றாள் அக்கா. "வெளிய நின்னாலும் அதே நேரந்தான், உள்ள உக்காந்தாலும் அதே நேரந்தான்."

"களி போடுவாங்களாங்க?" என்று கேட்டாள்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "களியெல்லாம் உங்க வூட்லதான். இங்க சோறு. மொறையா சோறு திங்கணும்னா உள்ள வரணும்" என்றாள் பெரிய ஓரகத்தி.

அந்தப் பெண்ணும் லேசாகச் சிரித்தாள். அவ்வளவு சீக்கிரம் அவள் சிரித்ததை நான் பார்த்தேன், அதைச் சொல்லியாக வேண்டும்.

நான் கேட்டேன். "எந்த ஊரு?"

"கம்பைநல்லூருக்கு அந்தாண்டங்க."

"ஊருக்குள்ளயா?"

அந்தக் கேள்வி எதற்கென்று எங்கள் பக்கத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

"காலனிங்க" என்றாள்.

சோறு வந்தது. அக்கா என் தட்டில் இரண்டு பேருக்கானதைப் போட்டு நடுவில் வைத்தாள். அந்தப் பெண் கை கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். ஒரு வாய் பிசைந்தாள். சாம்பார் அவள் விரல் வழியாக என் பக்கத்துச் சோற்றில் இறங்கியது. நான் தட்டை அவள் பக்கம் தள்ளினேன்.

"நீயே துன்னு. எனக்குப் பசியில்ல."

கையைச் சுவரில் துடைத்தேன். ஏன் துடைத்தேன்? சோறு ஒட்டவில்லை. பத்து நிமிடம் கழித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, முந்தின நாள் மனுப் போட்டு என்னைப் பார்க்க வந்த அம்மா கொண்டுவந்த பன்னைத் தின்றேன். கவர் சத்தம் கேட்டிருக்கும். அவள் மூன்று வாய்க்கு மேல் தின்னவில்லை. அவள் எழுந்ததும் அந்தத் தட்டை எடுத்துப்போய்க் குழாயடியில் சோப்புப் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். திரும்பினால், பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எச்சைன்னு தேய்க்கிறியா, வேற எதுக்காச்சும் தேய்க்கிறியா?" என்றாள் சின்னவள். அவர்களும் ஊர்க்காரர்கள்தான், அந்தப் பெண்ணோடு அவர்களும் தட்டு வைத்துக்கொள்ளமாட்டார்கள். அதைச் சொல்லிக்காட்ட எனக்கு வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, "எனக்கு எல்லாத்துக்கும் இப்பிடித்தான். கிருமி" என்றேன்.

"கிருமியாம்" என்றாள் அக்கா.

அன்று ராத்திரியிலிருந்து அந்தப் பெண் தட்டைத் தொடவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. எனக்கு முதலில் புரியவில்லை. மறுநாள்தான் புரிந்தது: குடித்தால் ஒதுங்கப் போக வேண்டும், போனால் துண்டு பிடிக்க ஆள் இல்லை. ஒருமுறை அக்கா பிடிக்கப் போனாள். இடுப்பிலிருந்து இறக்கிவிட்ட குழந்தை கத்தியபடி ஓடிவந்து துண்டைப் பிடித்து இழுத்துவிட்டது. அந்தப் பெண் உட்கார்ந்தபடியே தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அக்கா கூப்பிட்டும் அவள் போகவில்லை.

இரண்டாம் நாள் முழங்கை மடிப்பில் நகத்தால் கீறிக்கொண்டே இருந்தாள். ஒரே இடத்தில். மூன்றாம் நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்தாள். கூர்ந்து கேட்டேன். பஸ் நிற்கும் ஊர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள், ஒன்றன்பின் ஒன்றாக, கடைசி நிறுத்தம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து. உதடு வெடித்து வாயிலிருந்து ஒரு நாற்றம் வந்தது, பட்டினி கிடப்பவர்களின் வாயிலிருந்து வருமே, புளித்த பழ வாசனை. கடையில் சர்க்கரை நோயாளிகளிடம் அதை முகர்ந்திருக்கிறேன். அது நல்லதில்லை என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வார்டர் அம்மாவிடம் சொன்னேன். "புதுசா வந்தா நாலு நாளைக்கு நாடகம் போடுவாளுங்க எல்லாம்" என்றார்கள். "நாளன்னிக்கு டாக்டர் வர்ற நாளு. பாக்கலாம்."

மூன்றாம் நாள் மதியம் கவுன்சிலிங் மேடம் வந்தார்கள். கம்பிக்கு வெளியே நின்று, கையில் நோட்டு.

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா? மனசுல ஏதாச்சும் கஷ்டம்?"

"நல்லா இருக்கோம் மேடம்" என்று பள்ளிக்கூடத்தில் போல எல்லோரும் சேர்ந்து சொன்னோம். நானும் சொன்னேன். அந்தப் பெண் சுவரைப் பார்த்தபடியே இருந்தாள். "அது தூங்குதுங்க மேடம்" என்றாள் பெரிய ஓரகத்தி. மேடம் எழுதிக்கொண்டு, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கைக்குட்டைமேல் எனக்கு வந்த ஆத்திரம்! நானும் மூன்று நாளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், கைக்குட்டை இல்லாமல்.

நான் இரக்கப்பட்டுத்தான் அடுத்ததைச் செய்தேன் என்று எழுத ஆசை. அது பொய். மூன்றாம் நாள் சாயங்காலக் கணக்கெடுப்பில் வரிசையில் நிற்கும்போது அவள் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். உடனே சின்ன ஓரகத்தி என் காதில் சொன்னாள்: "செத்துகித்துப் போனா உம்மேல இன்னொரு கேசு வரும் பாரு. வன்கொடுமக் கேசு. அதுக்கு ஜாமீனே கெடையாது." அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. எழுந்து எழுந்து அவள் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். மூக்குக்கு முன்னால் விரலை நீட்டுவேன், தொடாமல். அந்த நேரத்திலும் தொடாமல்.

விடிந்ததும் துண்டை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். "வா. நான் புடிக்கறேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வேணாங்க. உங்க துண்டு தீட்டாயிடும்" என்றாள். குரல் காய்ந்த சருகு மாதிரி இருந்தது.

"ஏன்டி அப்பிடிச் சொல்ற? எனக்குக் கிருமி பயம். அவ்ளோதான்."

"நான் கிருமிங்களா?"

அக்கா வந்து உட்கார்ந்தாள். காலைப் பொங்கலைத் தட்டில் வாங்கி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். "சும்மா வாய்ல பேசாதீங்க. கண்ணு, நீ ஒரு வாய் எடு. அவளும் எடுப்பா. அத்தோட முடிஞ்சுது."

அந்தப் பெண் வெகுநேரம் தட்டையே பார்த்தாள். பிறகு மூன்று விரலால் ஒரு ஓரத்தில் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தாள். விரலை உதட்டிலிருந்து எடுத்துத் தட்டு விளிம்பில் வைத்தாள். விரல் நுனி பளபளத்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வார்டர் அம்மாகூட நாற்காலியில் சாய்ந்தபடி கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

நான் கோடு போடவில்லை. அவள் எடுத்த இடத்திலிருந்தே எடுத்தேன். வாயில் வைத்தேன். மென்றேன், ஒரு தடவை, இரண்டு தடவை. வழவழவென்று நாக்கில் புரண்டது. விழுங்கு, விழுங்கிவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொண்டை திறக்கவில்லை. வயிறு மேலே ஏறி வந்தது. தலையைத் திருப்பப் பார்த்தேன், முடியவில்லை. தட்டிலும் தரையிலும் அவள் பாவாடை ஓரத்திலும் வாந்தி எடுத்துவிட்டேன்.

ஓரகத்திகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். குழந்தை, "ஆயி, ஆயி" என்று கைகொட்டியது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். புளித்த நாற்றம் அறை முழுக்க ஏறியது. இந்தத் தடவை அது என்னிடமிருந்து வந்த நாற்றம்.

அந்தப் பெண் நகரவில்லை. பாவாடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கழுவுங்க" என்றாள். "நான் கழுவமாட்டேன். எங்கம்மா ஊரான் வாந்தியெல்லாம் கழுவுச்சு. நான் கழுவமாட்டேன்."

கழுவினேன். கையால் வழித்து, தண்ணீர் ஊற்றி, தேய்த்தேன். அவள் பாவாடை ஓரத்தை அலச நீட்டினாள், அலசினேன். நான் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மேலிருந்து கேட்டாள்.

"நெசமாவே சீக்குதாங்களா இது? எல்லாருகிட்டயும் வருமா?"

"எல்லாருகிட்டயும் வரும்."

"முந்தி இருந்த அக்காகூட ஒரே தட்டுல துன்னீங்களாமே. சின்னக்கா சொன்னாங்க. அப்ப வாந்தி எடுத்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சின்ன ஓரகத்தி அங்கேயே இருந்தாள், அவளுக்குத் தெரியும், ஆனாலும் நான் சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

"இல்ல" என்றேன். "குமட்டுச்சு. ஆனா முழுங்கிட்டேன்."

"என்கிட்ட முழுங்க முடியல."

"முடியல."

என் வயிறு எனக்குச் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கிருமி கிருமி என்று நான் ஆறு வருடம் கழுவிய கையில் இது ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, எந்தச் சோப்புக்கும் போகாமல். இதை எழுதும்போதும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. யார் மேல் என்று கேட்க வேண்டாம்.

"செரி" என்றாள் அவள். "பொய் சொல்லல நீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்ப தட்டு வேணாம். மொதல்ல நான் துன்னுடறேன். அப்பறம் எத்தன தடவ வேணுமோ கழுவிட்டு நீங்க துன்னுங்க. துண்டு மட்டும் புடிங்க. ஆனா சும்மா புடிக்க வேணாம். கூலிக்குப் புடிங்க."

"என்னாது?"

"ஒரு தடவைக்கு ரெண்டு ரூபா. இப்ப எங்கிட்ட இல்ல. கணக்கு வச்சிக்கோங்க. குடுத்துடுவேன்."

அக்காதான் முதலில் சிரித்தாள். அடக்கமுடியாமல் தொடையைத் தட்டிச் சிரித்தாள். "அடி கண்ணு! ஆளு வச்சுட்டியா நீ!"

"ரெண்டு ரூவா கம்மிடி, இப்பெல்லாம் நூறு நாள் வேலைக்கே எவ்ளோ குடுக்கறாங்க" என்றாள் பெரியவள்.

"ஒக்காந்து வேல பாத்தா அதிகம். நின்னு பாக்கற வேலதான" என்றாள் அந்தப் பெண். முகத்தில் சிரிப்பு இல்லை.

வேண்டாம், சும்மாவே பிடிக்கிறேன் என்றால் அவள் வரமாட்டாள். சரி என்றால், எங்கள் ஊரில் தெரிந்தால், என் அண்ணன்களுக்குத் தெரிந்தால். கக்கூஸுக்குத் துண்டு பிடிக்க, அவளிடம், கூலிக்கு. அந்த நிலையிலும் என் மனது ஊரைத்தான் நினைத்தது. அவள் வெடித்த உதட்டைப் பார்த்தேன். "சரி" என்றேன்.

அவள் செம்பில் தண்ணீரை மொண்டு அண்ணாந்து குடித்தாள். கழுத்து ஏறி இறங்கியது. இரண்டாவது செம்பு. பிறகு, வேறு தட்டில் அக்கா கொடுத்த பொங்கலை, சுவரோரம் உட்கார்ந்து, அவசரமில்லாமல் தின்றாள். டாக்டர் மறுநாள் வந்தார், நாக்கை நீட்டச் சொன்னார், உப்புக்கரைசல் பொட்டலம் இரண்டு கொடுத்தார். போய்விட்டார்.

அன்றிலிருந்து நான் துண்டு பிடித்தேன். அரைச்சுவருக்கு வெளியே, கேமராவைப் பார்த்தபடி, இரண்டு கையையும் விரித்து. நல்ல மனுஷியாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றேன். சத்தம் கேட்கும், நாற்றம் வரும், கை கடுக்கும். அவள் விடமாட்டாள்.

"இன்னுங் கொஞ்சம் மேல தூக்குங்க."

"தூக்கிட்டுதான் இருக்கேன்."

"ஆடாதீங்க. வேலயில கவனமா இருக்கணுங்க."

வெளியே வந்ததும் "பதினொண்ணு" என்பாள். நானும் மனதில் பதினொன்று என்பேன். எண்ணுவது எனக்குப் பழக்கம்தான். ஒருநாள் நான் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிட்டேன், "திருடறீங்களே" என்றாள். அவள் திருட்டுக் கேஸில் வந்தவள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், நானும் சிரித்தேன். நாங்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

முழங்கைக் கீறல் காய்ந்து பொருக்குத் தட்டியது. பஸ் நிறுத்தங்களைச் சொல்வது மட்டும் முழுக்க நிற்கவில்லை. வீடியோ வாய்தாவில் ரிமாண்டை நீட்டிய அன்று ராத்திரி முழுக்கச் சொன்னாள். அவளுக்கு மனுவுக்கு யாரும் வரவில்லை. அவள் அம்மாவுக்கு எந்த ஜெயில் என்றே தெரியாதாம். என் அம்மா வந்த அன்று பன்னில் ஒன்றை அவளிடம் நீட்டினேன். "கூலியில கழிச்சுக்கறதா இருந்தா வேணாங்க" என்றாள். கழிக்கவில்லை என்றேன். அப்படியும் வாங்கவில்லை.

துண்டு பிடிக்கத் தொடங்கிய பதினேழாம் நாள் எனக்கு ஜாமீன் வந்தது. என் துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கம்பிக்கிட்டே வந்தாள்.

"அறுவத்தெட்டு ஆச்சுங்க. நூத்தி முப்பத்தாறு ரூவா."

"வேணாம்மா. விடு."

"வேணாம்னு சொல்ல நீங்க யாருங்க? வேல செஞ்சீங்க. உங்க வூடு எங்கன்னு சொல்லுங்க."

சொன்னேன். சொல்லும்போதே பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்துவிடுவாளோ, வந்து எங்கள் வாசலில் நின்று, துண்டு பிடித்த கூலி என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிடுவாளோ என்று. வெளியே வந்த பிறகும் வெகுநாள் நாய் குரைத்தால் எட்டிப் பார்த்தேன்.

மெடிக்கல் கடை வேலை போயிற்று. இப்போது புளி மண்டியில் கொட்டை எடுக்கிறேன். கேஸ் நடக்கிறது. கை இன்னும் கழுவுகிறேன். புளிப்பிசுக்குப் போக என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம்.

போன மாதம் சின்ன ஓரகத்தி மண்டிக்கே வந்துவிட்டாள். வாய்தாவுக்கு வந்தவள், விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். குண்டாகியிருந்தாள். அந்தப் பெண்ணுக்கும் ஜாமீன் கிடைத்துவிட்டது, இலவச வக்கீல் வைத்து. ஓசூர்ப் பக்கம் ஏதோ கம்பெனியில் பேக்கிங் வேலையாம்.

"நீ போனதுக்கப்புறம் அதுக்கு யாரு துண்டு புடிச்சதுன்னு கேக்கமாட்டியா?" என்றாள்.

"யாரு?"

"நான்தான். கூலிக்குத்தான்! எனக்கு மொத்தமா குடுத்துட்டா, ஒரே தடவையில. உனக்கு இதக் குடுக்கச் சொன்னா. மீதிய அப்பறம் தர்றாளாம். அப்பப்ப தருவாளாம்."

இரண்டு பத்து ரூபாய் நோட்டு. மடித்து மடித்துப் பழந்துணி மாதிரி நைந்திருந்தது. வாங்கும்போது பக்கத்தில் புளி உரித்துக்கொண்டிருந்தவர்கள், என்ன காசு என்று கேட்டார்கள்.

"கூலி" என்றேன். "ஒரு வேல பாத்தேன், அதுக்கு."

"எவ்ளோ பாக்கி வரணும்?"

நூற்றுப் பதினாறு ரூபாய்.